கீரிமலைக்கு மேற்கே உள்ள கடற்குகைக்குப் போகுமுன்

கல்யாணமாகிப் பதினைந்து வருடமாக என் மனைவி வதனி கேட்டது ஒன்றே ஒன்றுதான். கீரிமலைக்கு மேற்கே, எட்டு வயதில் குண்டு போட வந்த பொம்பர் விமானத்துக்குப் பயந்து தான் ஒளிந்திருந்த கடற்குகையை ஒருமுறை பார்க்க வேண்டும். நான் மலைநாட்டு அட்டன்காரன். கடலும் குகையும் சேர்ந்தால் எனக்குப் பயம். சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். இந்த மாசியில் சாக்கெல்லாம் தீர்ந்துவிட்டது.

காலை ஒன்பதரைக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஆட்டோ பிடித்தோம். இருபது கிலோமீற்றர், காத்திருப்பதோடு ஐயாயிரம் ரூபாய். ஆட்டோக்காரருக்கு அறுபது வயதிருக்கும். குகை என்றதும் திரும்பிப் பார்த்தார்.

"உள்ளுக்கை போறியளோ? வாடை இன்னும் விடேல்லை. காத்து எழும்பினா வாசலிலை தண்ணி ஏறும். கெதியா வந்திடுங்கோ."

அதற்குப் பிறகு வழியில் நான் எதையும் ரசிக்கவில்லை.

குகையின் அழகுக்குக் குறைவில்லை, சும்மா சொல்லக்கூடாது. சுண்ணாம்புக்கல்லைக் கடல் குடைந்திருக்கிறது. வாசலில் முழங்காலளவு தண்ணீர்; ஆட்டோக்காரர் வெளியே மணலில் நின்றுகொண்டார். உள்ளே மணல் திட்டு, கூரையெல்லாம் பச்சை வெளிச்சம். "இந்த மூலையிலைதான் அம்மா என்னை இருத்தினவ," என்றாள் வதனி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அப்போது பலாலியில் இறங்கும் பயணிகள் விமானம் தலைக்கு மேலே போனது. குகையே அதிர்ந்தது. வதனி என் சட்டையைப் பிடித்திழுத்துக் குப்புறத் தள்ளித் தானும் படுத்தாள்.

"நெஞ்சை நிலத்திலை முட்டவிடாதேங்கோ. வாயைத் திறந்து வைச்சிருங்கோ."

சத்தம் ஓய்ந்தது. அவள் எழவில்லை. அலை திட்டின் விளிம்புக்கு வந்துவிட்டது. "போயிருச்சு, வா," என்றேன். கெஞ்சினேன். தூக்கப் பார்த்தேன், கல்லைப் பற்றிக்கொண்டாள்.

"உள்ளுக்கை இருக்கிற ஆக்கள் சொல்லி எழும்பக்கூடாது. வெளியிலை நிக்கிறவை கூப்பிடோணும்."

வாசலைப் பார்த்துக் கத்தினேன். "அண்ணே, எழும்ப மாட்டேங்குறா. வெளிய நிக்கிறவங்க கூப்பிடணுமாம்."

இரண்டாம் முறை கத்திய பிறகுதான் ஆட்டோக்காரர் குரல் கேட்டது. "பொம்பர் போயிட்டுது, பிள்ளையள். எல்லாரும் வெளியாலை வாங்கோ."

வதனி உடனே எழுந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, தொடையளவு தண்ணீரில் எனக்கு முன்னால் நடந்தாள்.

வெளியே ஆட்டோக்காரர் நின்றிருந்தார். அவர் சட்டையின் முன்பக்கமெல்லாம் மணல், முழங்கைகளிலும் மணல். தட்டிவிட்டுக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: காற்று எழுமுன் காலையிலேயே போங்கள். வழுக்காத செருப்புப் போடுங்கள். விமானம் வரும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் இங்கே இருந்தவர் யாராவது உங்களோடு வந்தால், அதே நாட்களில் இங்கே இருந்த இன்னொருவரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போங்கள். புருஷன் கூப்பிட்டால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். போதாது.