சொன்னால் சொன்னதுதான்

விருந்தினர் காலி செய்த அறைக்குள் நுழைந்ததும் அக்கா கட்டிலைப் பார்க்கமாட்டார். குளியலறையில் துண்டு கிடக்கிற விதத்தைத்தான் முதலில் பார்ப்பார். நாலாக மடித்து, அதன்மேல் இன்னொன்றையும் மடித்து வைத்திருந்தால், "ஜப்பான்." தரையெல்லாம் ஈரமாகி, பால்கனியில் இரண்டு நாற்காலியும் ஒட்டிக்கொண்டு கிடந்தால், "இத்தாலி. உக்காந்து பேசித் தீர்த்திருக்காங்க." வரவேற்பு மேசைப் பதிவேட்டில் சரிபார்த்தால் பத்துக்கு ஆறு பலித்திருக்கும். மற்ற நாலைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை.

எங்கள் ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் பெண்களுக்குத் தலைவி அவர். இருபத்திரண்டு வருட அனுபவம். விமானத்தில் ஏறியதில்லை. ஆனாலும் நாங்கள் வைத்த பெயர் அட்லஸ் அக்கா. கீழே துணி வெளுக்கும் அறை என்னுடையது. மேலிருந்து அழுக்கு விரிப்புகளோடு அவருடைய தீர்ப்புகளும் எனக்கு வந்து சேரும்.

ஒருமுறை ஜப்பான் என்று அடித்துச் சொன்ன அறையில் இருந்தவர் பிரேசில்காரர். அக்கா அசரவில்லை. அவங்கம்மா கண்டிப்பாக வளர்த்திருப்பார் என்று சொல்லிவிட்டார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது. அக்காவுக்கு மீசை இல்லாததுதான் குறை. ஒரு நாட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே அச்சா என்று நான் மடக்கினேன். "அஞ்சு விரலும் ஒண்ணா இருக்காதுதான். அதுக்காகக் கையே இல்லைன்னுடுவியா?" என்றார். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஞானத்தால் நன்மையும் உண்டு. யாருக்கு இன்னொரு தலையணை, யாருக்குக் கூடுதலாகத் தேயிலை என்று கேட்காமலே வைத்துவிடுவார். வந்தவர்கள் அசந்துபோவார்கள்.

அவருடைய ஒரே மகள் ஜெர்மன்காரரைக் கட்டிக்கொண்டு போய் நாலு வருடமாகிறது. கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை ஒரு வாரம் வீட்டில் தங்கினார். அதன்பிறகு எல்லாம் ஞாயிற்றுக்கிழமை போன்தான். யார் யாரோ படுத்தெழுந்த கட்டிலுக்கெல்லாம் தினமும் விரிப்பு மாற்றுகிறவருக்கு, மகள் படுத்த கட்டிலைத் தொட மனசு வரவில்லை. "பார்க்கணும் போல இருக்குடி" என்று என்னிடம் சொல்வார். மகளிடம் சொல்லமாட்டார். பிள்ளைக்கு அங்கே ஆயிரம் வேலை இருக்குமாம்.

போன மாதம் ஒரு ஞாயிறு, மாப்பிள்ளை போனை வாங்கி, தட்டுத்தடுமாறித் தமிழில் "வரேன் அத்தை" என்றிருக்கிறார். திங்கட்கிழமை அக்காவின் கால் தரையில் பாவவில்லை. நம் ஆட்கள் வரேன் என்றால் வந்தபிறகுதான் நிஜம், அந்த ஊர்க்காரர்கள் சொன்னால் சொன்னதுதான் என்று மாடிக்கு மாடி சொல்லிக்கொண்டு போனார். மகளிடம் கேட்கவில்லை, திடீரென்று வந்து நிற்கத் திட்டம் போட்டிருப்பார்கள், அதைக் கெடுப்பானேன் என்றார். அந்தக் கட்டிலின் மெத்தையை வெயிலில் போட்டார். விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார், தேதி போடாமல். மேலாளர் எந்தத் தேதி என்று கேட்டதற்கு, "அவரே சொல்வாரு சார். நிமிஷம் தப்பாத ஆளுங்க" என்றார்.

அடுத்த ஞாயிறும் "வரேன் அத்தை." அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். எனக்குச் சுருக்கென்றது.

கடைசியில் மகளே சிரித்துக்கொண்டு போட்டு உடைத்தாள். கல்யாண வீட்டிலிருந்து கிளம்பிய ஒவ்வொருவரும் வரேன், வரேன் என்று சொல்லிவிட்டுப் போனதைப் பார்த்து, இதென்ன என்று மாப்பிள்ளை கேட்டாராம். போறேன்னு சொல்லக்கூடாது, கிளம்பும்போது அப்படித்தான் சொல்வோம் என்று இவள் சொல்லிக் கொடுத்தாளாம். இப்போதுதான் தமிழ் பேசிப் பழகுகிற மனிதர் அதைப் போனை வைப்பதற்கும் சேர்த்துக் கற்றுக்கொண்டுவிட்டார். டிக்கெட்டாவது மண்ணாவது.

"நம்மாளு மாதிரியே ஆயிட்டாருடி" என்று என்னிடம் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார் அக்கா. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அன்றைக்குத் துண்டுகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார்.

நேற்று ஞாயிறு. சாப்பாட்டு வேளையில் என் அறையில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. மகள் பேசி முடித்தாள். பிறகு மாப்பிள்ளையின் குரல், இப்போது கொஞ்சம் தெளிவாகவே: "வரேன் அத்தை."

அக்கா எழுந்தார். கிளம்புகிறவரோடு கூடப் போவதுபோல, போனைக் காதில் வைத்தபடியே வாசல்வரை நடந்தார். "வாங்க மாப்ள" என்றார். பேச்சு நின்றபிறகும் கதவைப் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத நடைவழியின் கோடியைப் பார்த்தபடி நின்றிருந்தார்.