ஆறடிச் சந்தும் இரண்டு மண்மேடுகளும்

முதலியார்பேட்டையில் என் அப்பா எனக்குக் கொடுத்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் ஒரு சந்து இருந்தது. இரண்டு வீட்டு ஓட்டுக் கூரைகளும் மழைத்தண்ணீரை அந்தச் சந்தில்தான் கொட்டின. பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. நான் பெண்கள் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கடலூர்க்காரர். புது நிர்வாகத்தில் டைப்பிஸ்டாக வந்தவர். அவருக்கு பிரெஞ்சில் 'மெர்சி', 'போன்ழூர்' மட்டும்தான் தெரியும்.

அந்த ஐப்பசியில் எங்கள் வீட்டுச் சந்துப்பக்கச் சுவரில் ஒரு விரிசல் விட்டது. முதலில் எறும்பு போய்வந்தது. நான்கு நாள் மழைக்குப் பிறகு பல்லி போய்வந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் சுவரோரம் அஸ்திவாரத்தை ஒட்டித் தேங்கி நின்ற தண்ணீரில் ஒரு குச்சியைச் செருகினார். குச்சி பாதிவரைக்கும் சேற்றில் இறங்கியது.

"கடக்கால்ல தண்ணி ஊறுது சார். செவுத்துகிட்ட நிக்க வுடக்கூடாது. மண்ணு போட்டு வெளிப்பக்கமா வாட்டம் குடுங்க" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

என் கணவர் அன்றைக்கே மண்வெட்டியை எடுத்தார். சுவரோரம் மண்ணைக் கொட்டி மிதித்து அழகாகச் சரிவு கொடுத்தார். அடுத்த மழையில் தண்ணீர் எங்கள் சுவரை விட்டு விலகி ஓடியது. ஓடி, பக்கத்து வீட்டுச் சுவரோரம் போய் நின்றது.

பக்கத்து வீட்டுக்காரர் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர். தெருவில் அவரை முசியே என்றும், அவர் மனைவியை மதாம் என்றும்தான் கூப்பிடுவோம். முசியே தன் சுவரைப் பார்த்தார், எங்கள் மண்ணைப் பார்த்தார். மறுநாள் காலை அவர் வீட்டுப் பக்கமும் சரிவு இருந்தது, எங்களுடையதைவிட ஒரு சாண் உயரமாக.

"பட்டாளத்துப் புத்தி" என்றார் என் கணவர். சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு சாண் உயர்த்தினார்.

இப்படியே இருபது நாள் போனது. மழை விட்ட நேரமெல்லாம் சந்தில் மண்வெட்டிச் சத்தம்தான். இருவரும் எதிரெதிராக நின்று மண் கொட்டுவார்கள். வாய்ச்சண்டை கிடையாது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "போன்ழூர் முசியே" என்பார் இவர். "வணக்கம் சார்" என்பார் அவர். மண்மேடு எங்கள் ஜன்னல் கட்டை வரைக்கும் வந்துவிட்டது. அந்த ஜன்னலுக்குக் கம்பி கிடையாது, மரக்கதவு மட்டும்தான்.

ஒருநாள் நான் சமையலறையில் இருந்தபோது உள்ளறையில் யாரோ நடமாடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். தெருவில் திரியும் ஆடு ஒன்று மேட்டின் மேல் ஏறி, ஜன்னல் வழியாக உள்ளே வந்து, நான் திருத்தி வைத்திருந்த டிக்தே என்கிற சொல்வதெழுதுதல் தாள்களைத் தின்றுகொண்டிருந்தது. ஒன்பது பிள்ளைகளின் தாள் போய்விட்டது. நான் கத்திய கத்தலில் என் கணவர் ஓடிவந்தார். ஆட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"பாத்தியா, ஆடு ஏறியும் மண்ணு சரியல. நல்லாக் கெட்டிப்பட்டிருக்கு" என்றார்.

அவர் முகத்தில் பெருமையைத் தவிர வேறெதுவும் இல்லை. மறுநாள் தலைமையாசிரியையிடம் ஆடு தின்றுவிட்டது என்று உண்மையைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

விரிசல் மட்டும் நிற்கவில்லை. இப்போது வீட்டின் பின்பக்கச் சுவரிலும் ஒன்று விட்டது. மறுபடியும் கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவர் சந்தைப் பார்த்துவிட்டு, நேராக எங்கள் கொல்லைக்குப் போனார். பிறகு பக்கத்து வீட்டுக் கொல்லையையும் எட்டிப் பார்த்தார்.

"சார், இவ்ளோ மண்ணு எங்கேந்து எடுத்தீங்க?"

"கொல்லையிலேந்துதான்."

கொல்லையில் பின்சுவரை ஒட்டி இடுப்பளவு பள்ளம் இருந்தது. அது நிறையத் தண்ணீர். நான்கைந்து தவளைகளும் குடிவந்திருந்தன. முசியே கொல்லையிலும் அதே அளவு பள்ளம், அதே தண்ணீர்.

"ஒரு பக்கம் கடக்காலைக் காப்பாத்த இன்னொரு பக்கம் கடக்காலைத் தோண்டிட்டீங்க" என்றார் கொத்தனார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, மண்ணையெல்லாம் வாரிப் பள்ளத்தில் போடவேண்டும், சந்தின் நடுவே ஒரு வாய்க்கால் கட்டித் தெருவுக்கு விடவேண்டும், வேறு வழியில்லை என்றார்.

அப்போதுதான் முதல்முறையாகச் சண்டை வந்தது.

"சந்து எங்களுது. எங்கள கேக்காம வாய்க்கா கட்ட முடியாது" என்றார் முசியே.

"ஒங்களுதா? எங்க மாமனார் பத்திரம் இருக்குது!" என்றார் என் கணவர்.

இரண்டு வீட்டுப் பத்திரங்களும் வந்தன. இரண்டும் பிரெஞ்சில், கொடிகொடியாக ஓடும் கையெழுத்தில் இருந்தன. முசியே தன் பத்திரத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல்லி என்னிடம் நீட்டினார். நான் இரண்டையும் படித்தேன். சந்தேகமாக இருந்ததால் இன்னொருமுறை படித்தேன்.

எங்கள் பத்திரத்தில், சந்து வடக்கு வீட்டுக்காரருடையது, அதாவது முசியேவுடையது என்று இருந்தது. அவர்கள் பத்திரத்தில், தெற்கு வீட்டுக்காரருடையது, அதாவது எங்களுடையது என்று இருந்தது.

நான் சொல்லி முடித்ததும் இருவரும் சந்தை எட்டிப் பார்த்தார்கள். வாய்க்கால் கட்டுவது சந்துக்குச் சொந்தக்காரன் பொறுப்பு என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்திருக்கவேண்டும்.

"அப்போ ஒங்களுதுதான் சார். நான்தான் தப்பா நெனச்சிட்டேன்" என்றார் முசியே.

"சேச்சே, ஒங்க பத்திரத்த விட எங்க பத்திரம் பழசு முசியே. ஒங்களுதுதான்" என்றார் என் கணவர்.

சந்து தன்னுடையது இல்லை என்று நிரூபிப்பதற்காக மறுநாள் காலை இருவரும் ஒரே ரிக்‌ஷாவில் ஏறிப் பதிவேடு பார்க்கக் கிளம்பினார்கள். ரிக்‌ஷா முனை திரும்பியதும் மதாம் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், மழ இல்ல. கொத்தனார கூப்புட்டுடலாமா?"

கொத்தனார் ஐந்து ஆட்களோடு வந்தார். இரண்டு மேடும் கரைந்து கொல்லைப் பள்ளங்களுக்குப் போயின. தவளைகள் எங்கள் கிணற்றடிக்கு மாறின. இரண்டு சுவரோரமும் மண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தி, நடுவை நோக்கிக் கொஞ்சமாக வாட்டம் கொடுத்தார்கள். நடுவில் செங்கல் பாவி, சாந்து பூசி, காயும்வரை நனையாமலிருக்கக் கீற்றுப் போட்டு மூடினார்கள். நானும் மதாமும் ஆட்களுக்குச் சோறு போட்டோம். ஆட்டுக்குப் பயந்து மூடியே வைத்திருந்த என் ஜன்னலைத் திறந்தேன், பல நாள் கழித்து வெளிச்சம் தெரிந்தது.

சாயங்காலம் இருவரும் களைத்துப்போய் வந்தார்கள். பதிவேட்டில் சந்தே இல்லையாம், இரண்டு வீடும் ஒட்டியிருக்கிறதாம். சந்துக்குள் எட்டிப் பார்த்த முசியேவுக்கு மீசை துடித்தது.

"யாரு இதுக்கு பெர்மிசியோன் குடுத்தது?"

"நம்மளுது இல்லாத எடத்துக்கு நம்மள ஏன் கேக்குறீங்க?" என்று சொல்லிவிட்டு மதாம் விளக்கேற்ற உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. இருவரும் குடையோடு சந்து முனையில் நின்று, தண்ணீர் தெருச் சாக்கடைக்கு ஓடுவதை ஒரு மணி நேரம் பார்த்தார்கள். சுவர்கள் அதற்குமேல் விரியவில்லை. விரிசல்களைத் தை மாதம் கொத்தனார் பூசிக்கொடுத்தார்.

சந்து யாருடையது என்று கேட்டு, பதிவேடு பார்க்கப் போன அன்றைக்கு அவர்கள் எழுதிக்கொடுத்துவிட்டு வந்த மனுவை விசாரிக்க, நல்ல கோடையில் ஓர் அதிகாரி டேப்போடு வந்தார். வாய்க்காலைப் பார்த்து, யார் கட்டியது என்று கேட்டார்.

"தெரியாதுங்க. நாங்க வந்து பாத்தப்போ இருந்துச்சு" என்றார்கள் இருவரும்.

அவர் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாட்டம் பார்த்தார். யாரோ நன்றாகக் கட்டியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு, என் கையால் ஒரு காபி குடித்துவிட்டுப் போனார்.