தொண்ணூற்றேழா, தொண்ணூற்றெட்டா?

எல்லோரும் "என் கணக்கில் தப்பே இல்லை" என்று அடித்துச் சொல்லி முடித்த பிறகு பிரச்சினை நம் மேசைக்கு வந்து சேர்கிற தொழில் இது. நீங்களும் கம்பைலரோடு மல்லுக்கட்டியவராக இருந்தால் தலையாட்டுவீர்கள். மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: நாம் எழுதுகிற புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். அதுவும் ஒரு புரோகிராம்தான், அதிலும் தப்பு இருக்கும். எழுபதுகளில் தங்க வயலில் ஒரு சுரங்க அலுவலகத்தில் சின்ன மெஷின் ஒன்று இருந்தது. பெங்களூரில் ஒரு கல்லூரியில் பெரிய மெஷின். ஃபார்ட்ரான் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரே புரோகிராம் இரண்டிலும் ஒரே விடை தர வேண்டும். அதற்காக இரண்டு கம்பைலர்களுக்கும் பொறுப்பு நான்.

செல்லாத ப்ளஸ்

அப்போது புரோகிராமை அட்டையில் துளைகளாகக் குத்தித்தான் மெஷினுக்குத் தருவோம். அந்த அட்டைகளை பிஸ்கட் டின்னில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பெங்களூருக்கு ரயிலேறினேன். பங்காரப்பேட்டையில் வண்டி மாறும்போது முழங்கை சிராய்த்தது, டின்னை விடவில்லை. பெங்களூர் மெஷின் முதல் அட்டையிலேயே முரண்டு பிடித்தது.

அரை நாள் தேடினேன். எங்கள் அட்டை குத்தும் கருவி பழைய மாடல். ப்ளஸ் குறிக்கு அது போட்ட துளையை பெங்களூர் மெஷின் வேறு என்னவோவாகப் படித்தது. இரண்டு வகைத் துளையையும் ஏற்கும்படி அங்கிருந்த கம்பைலரைத் திருத்தினேன். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஆபரேட்டர் சொன்னார்: "உங்க ஊரு ப்ளஸ் இங்க செல்லாதுன்னு எனக்கு அப்பவே தெரியும் மேடம். நீங்க கேக்கலியே."

இரண்டாவது பம்பு

எங்கள் கம்பைலர் எண்களைக்கூட ஓரிடத்தில் எழுதிவைத்துத்தான் படிக்கும். ஒரு துணைப் புரோகிராம் போய் அந்த இடத்தில் 1-ஐ அழித்து 2 என்று எழுதிவிட்டது. எழுதியது யார் என்று கேட்காதீர்கள். அதன் பிறகு 1 வந்த இடத்திலெல்லாம் மெஷின் 2 என்றே படித்தது. பெங்களூரில் இந்தத் தொல்லையே இல்லை.

சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க ஒரே பம்பு ஓடுகிற ஒரு தளத்தில், அதாவது லெவலில், இரண்டு ஓடுவதாக ரிப்போர்ட் போயிற்று. ஷிஃப்டுகளுக்கெல்லாம் பொறுப்பான மைன் கேப்டன் முனிரத்தினம் காகிதத்தோடு வந்து நின்றார்: "ஸ்டெல்லாம்மா, அந்த ரெண்டாவது பம்பு எங்க கீதுன்னு நீயே சொல்லு. மூணு ஆள வுட்டுத் தேடியாச்சு."

இரண்டு விடை

ஆழத்தில் பாறை பாரம் தாங்காமல் தானே வெடிக்கும். மேலே வீடுகளில் பாத்திரம் உருளும். உள்ளே ஆள் இருந்தால் அவ்வளவுதான். ஒன்று வெடித்தால் பின்னாலேயே இன்னொன்று வரலாம் என்பதால், வெடித்த லெவலை உடனே மூடுவார்கள். நூறடிக்கு ஒரு லெவல். அதிர்வுக் கருவிகள் தரும் எண்களை வைத்து, வெடித்தது எந்த லெவல் என்று கணக்கிட்டுச் சொல்வது எங்கள் புரோகிராம்.

ஒரு நாள் காலை பாத்திரம் உருண்டது. எங்கள் மெஷின் 97 என்றது. சந்தேகத்துக்கு ட்ரங்க் கால் போட்டு, எண்களைச் சொல்லி பெங்களூரிலும் ஓட்டச் சொன்னேன். அங்கே 98. மத்தியான ஷிஃப்ட் இறங்க ஒரு மணி நேரம்தான் இருந்தது. என் அண்ணன் அந்தோணிக்கு அன்று 98-இல் வேலை.

ஆனாலும் பிழையைப் பிடித்துவிட்டேன். சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்டின் வாயைப் பூஜ்யமாக வைத்து, ஆழத்தை மைனஸில் எழுதுவோம். மைனஸ் 9,750-ஐ நூறால் வகுத்தால் மைனஸ் 97.5; அதில் மீதியை விட வேண்டும். எங்கள் கம்பைலர் மேல்பக்கம் ஒதுக்கி 97 என்றது. பெங்களூர்க் கம்பைலர் கீழ்ப்பக்கம் ஒதுக்கி 98 என்றது. ஃபார்ட்ரான் விதிப்படி எங்களுடையதே சரி. 97-ஐ மூடினால் போதும் என்று கேப்டனிடம் சொல்லக் கிளம்பினேன்.

ஆட்களைக் கீழே இறக்கும் கேஜுக்குப் போகிற வழியில் அண்ணன் டிபன் பாக்ஸோடு எட்டிப் பார்த்தான். பெருமையாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"எத்தினி அடின்னு சொன்னே?"

"ஒம்பதாயிரத்து எழுநூத்தி அம்பது."

"லெவலுன்னா இன்னா, மாடி வீடுன்னு நெனச்சிக்கினியா? அது வெறும் பாதை. ரெண்டு பாதைக்கும் நடுவுல கீற பாறையத்தான் நாங்க ஒடைக்கிறோம். இது நடுவுல வெடிச்சிருக்கு. நான் நிக்கிற எடத்துக்கு நேரா மேல."

பெண்கள் கீழே இறங்கச் சட்டம் இடம் தராது. வருடக்கணக்காக லெவல் லெவலாகக் கணக்குப் போட்ட நான் ஒரு லெவலைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. கேப்டனிடம் ஓடினேன். இரண்டையும் மூடச் சொன்னேன். "தப்பு மெஷினுதா?" என்றார். "என்னுது சார்" என்றேன். இரண்டையும் மூடினார்.

சாயங்காலம் மறுபடி பாத்திரம் உருண்டது. நடுவில் இருந்த பாறை சரிந்து 98-இன் பாதையை அடைத்துவிட்டது. அங்கே ஒருவரும் இல்லை. அலுவலகத்திலேயே உட்கார்ந்து அழுதேன். நான் அழுது முடிக்கும்வரை கேப்டன் காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "இனிமே லெவலு வாணாம்மா. அடிக் கணக்குல சொல்லு, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

பெங்களூர்க் கம்பைலரின் பிழையை அடுத்த வாரமே திருத்தி ரிப்போர்ட்டும் எழுதிவிட்டேன், ஆனால் அன்றைக்கு அண்ணனை 98-க்கு அனுப்பப் பார்த்தது பிழையே இல்லாத என் கம்பைலர்தான் என்பதை மட்டும் அதில் எழுதவில்லை.