செல்விக்கு நான் நடத்திய எலும்புப் பாடம்

உடற்கூறியல் டியூஷன் எடுப்பவள் வீட்டில் யாரும் நிம்மதியாக முதுகைச் சொறிந்துகொள்ள முடியாது; அது எந்தத் தசை என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ஒரே பாடத்தை நூறு தடவை நடத்தித் தொண்டை கட்டிய சக பாவிகளுக்கு நான் சொல்வது புரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில், புனே வானவடியில் எங்கள் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜைதான் வகுப்பறை. அங்கே வந்து உட்கார்ந்தவர்களில் செல்வியை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

ஏழாம் நம்பர் படம்

செல்விக்கு முப்பத்திரண்டு வயது. வேலூர்ப் பக்கம். கணவர் எல்லையில் ஜவான், மூன்று வருடத்தில் ஓய்வு. அதற்குள் தான் ஒரு வேலையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று, இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நர்ஸிங் படிக்கச் சேர்ந்திருந்தாள். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். உடற்கூறியல் தாளில் இரண்டு முறை தோல்வி; மூன்றாவது முறையும் போனால் படிப்பே போய்விடும்.

முதல் நாள் இதயத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்தாள். நடுவில் “சீ ஃபிகர் செவன்” என்றும் வந்தது. அதை ஏனம்மா சொல்கிறாய் என்றேன்.

“புக்குல இருக்குதே டீச்சர், உட்டுட்டா மார்க் போயிடாதா?”

கறிக்கடை

இவளுக்கு எழுத்து வேண்டாம், எலும்பைக் கையில் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. மனித எலும்புக்கு நான் எங்கே போவேன்? முட்டைகூட நுழையாத வீட்டுக்காரி, முக்காடு போடாத குறையாகக் கறிக்கடைக்குப் போனேன். கறி வேண்டாம், ஆட்டின் முன்னங்காலைத் தோளிலிருந்து குளம்புவரை வெட்டாமல், வெறும் எலும்பாகத் தாருங்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். மறுநாள் வந்து பின்னங்காலும் கேட்டேன். மூன்றாம் நாள் முதுகெலும்பு கேட்டதும் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். முழு ஆட்டையும் திரும்ப ஒட்டப்போகிறேனா என்று அவருக்குச் சந்தேகம்.

“மேடம், பூரா பக்ரா வாபஸ் ஜோட்னா ஹை க்யா?”

என் தப்பு

செல்விக்கு எலும்பு பிடித்துப்போனது. தடவித் தடவியே பெயர்களைக் கற்றாள். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாதிரித் தேர்வு வைத்தேன். தோளில் உள்ள எலும்புகளை எழுதச் சொன்னால் காறை எலும்பையே காணோம். கோபத்தில் கத்தப் போன எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆட்டுக்குக் காறை எலும்பே கிடையாது! மேஜையில் இருந்ததை மட்டும் நடத்திவிட்டு, இல்லாததை நான் சொல்லவே இல்லை.

எனக்கு அவமானத்தில் முகம் சுருங்கிவிட்டது. ஒரு குடும்பமே தன் பிழைப்புக்கு என்னை நம்பியிருக்க, நான் ஆட்டை நம்பியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அவளோ தாலிச்சரட்டை ஒதுக்கிவிட்டு, கழுத்துக்குக் கீழே அந்த எலும்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

“போவுது உடுங்க டீச்சர், ஆட்டை உட எனக்கு ரெண்டு எலும்பு ஜாஸ்தின்னு தெரிஞ்சுதே.”

வைவா

எழுத்துத் தேர்வைச் சமாளித்துவிட்டாள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுதான் அவளுக்கு எமன்; அதில்தான் இரண்டு முறையும் வாயடைத்துப் போயிருந்தாள். அன்று மதியம் நேராக என் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். வெளியிலிருந்து வந்த பரிசோதகர் வயதான மராட்டிக்காரர். பயம் வந்தால் உடம்பில் என்ன மாற்றங்கள் நடக்கும் என்று கேட்டிருக்கிறார். படித்த ஆங்கிலம் மொத்தமும் பறந்துவிட்டது. அழுகை முட்டியிருக்கிறது. சட்டென்று கையை அவர் முன்னால் நீட்டி, தெரிந்த இந்தியில், “தொட்டுப் பாருங்க சார். கை ஜில்லுனு இருக்கு, வாய் காஞ்சிருக்கு, நெஞ்சு படபடங்குது, வேர்க்குது. இதெல்லாம்தான் சார்” என்றாளாம். அவர் நிஜமாகவே நாடி பிடித்துப் பார்த்து, சிரித்துக்கொண்டே மார்க் போட்டிருக்கிறார்.

ரிசல்ட் வந்தது. பாஸ். நான் அழுதேன், வெட்கமில்லாமல். செல்விதான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“பயந்ததுக்கு மார்க் குடுக்கறாங்கன்னு தெரிஞ்சிருந்தா, மொத தடவையே பாஸ் ஆயிருப்பேன் டீச்சர்.”

ஆறு மாதம் தொண்டை கிழிய நான் நடத்தியதையெல்லாம் விட, நான் நடத்தாமலே அவளுக்கு வந்த நடுக்கம்தான் அவளைக் கரையேற்றியது என்பதை இன்றுவரை புதிதாக டியூஷன் கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வதில்லை.