கிணறு கூப்பிடுகிறது

நேற்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்த போன் அதிர்ந்தது. திரையில் ‘கிணறு’ என்று பெயர். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “எடுங்க, பாவம், எம்புட்டு நேரம் அடிக்கும்” என்றாள். எடுத்தேன். பதிவு செய்த பெண் குரல் ஒன்று, மும்முனை மின்சாரம் வந்துவிட்டது, மோட்டாரை ஓட்ட ஒன்றை அழுத்தவும் என்றது. நான் எதையும் அழுத்தவில்லை. ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோட்டத்து மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் என்று ஒரு பெட்டி உண்டு. உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். கரண்ட் வந்ததும் அது நமக்குப் போன் போடும். வீட்டில் உட்கார்ந்தபடியே பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடும். எங்கள் ஊரான எரியோட்டில், அப்பாவின் கிணற்றில் அந்தப் பெட்டியை மாட்டியது நான்தான். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று ரொம்ப நாள் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு இந்தச் சாமான்கள் மேல் ஒரு கிறுக்கு. திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் யார் போன் படுத்துக்கொண்டாலும் அது என் வீட்டுக்குத்தான் வரும். சார்ஜ் ஏறவில்லையா, கடைக்கு ஓடாதீர்கள், பின் சொருகும் ஓட்டையில் சட்டைப்பைப் பஞ்சு அடைத்திருக்கும். போனை அணைத்துவிட்டுப் பல் குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டுங்கள். தண்ணீரில் விழுந்த போனை அரிசி டப்பாவில் புதைக்காதீர்கள், அரிசிதான் வீணாகும். வைஃபை வரவில்லையா, முதலில் அந்தப் பெட்டியை பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே எடுங்கள். இதையே வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒருவராவது கேட்டதாகத் தெரியவில்லை. என் வீட்டு ஹாலில் குரல் கொடுத்தால் எரியும் பல்பு ஒன்று இருக்கிறது. நான் நாலு தடவை கத்திய பிறகு மனைவி எழுந்துபோய் பக்கத்து ட்யூப் லைட்டைப் போடுவாள். முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது அலுப்புதான் வருகிறது.

என் மேசை டிராயரைத் திறந்தால் செத்த பேட்டரி, பழைய வயர், காய்ந்துபோன பசை ட்யூப் எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. அந்தப் பசையின் காரமான நெடி மூக்கில் ஏறினால் போதும், நான் எரியோட்டு மோட்டார் ரூமில் நிற்பேன். பசைக்கும் மோட்டார் ரூமுக்கும் என்ன சம்பந்தம் என்பதற்கு வருகிறேன்.

அப்போது மும்முனை கரண்ட் முறைவைத்துத்தான் வரும். எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. அப்பாவின் வீடு ஊருக்குள். கிணறு ஒரு கல் தொலைவில். அம்மா போன பிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆரோக்கியம் தோட்டத்திலேயே குடியிருந்தார். அவர் ஸ்டார்ட்டர் பெட்டியில் மூன்று லைட்டும் எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது என்று பொருள். உடனே அப்பாவுக்கு ஒரு ரிங். ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் செய்துவிடுவார். எடுக்கக் கூடாது என்பது இருவருக்கும் சட்டம். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, “கரண்டு வந்துருச்சு, போயிட்டு வாரேன்” என்று யாருமில்லாத வீட்டிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

மோட்டார் ஓடும் நேரம் முழுக்க இருவரும் தொட்டி ஓரத்துக் கல்லில் உட்கார்ந்திருப்பார்கள். ஆரோக்கியம் வீட்டிலிருந்து தூக்குவாளியில் டீ வரும். ஒரு தடவை நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். ரெண்டு மணி நேரத்தில் மொத்தம் பத்து வார்த்தை பேசியிருப்பார்கள். அதிலும் நாலு வார்த்தை முருங்கைக்காய் விலை. இதற்கா இம்புட்டுத் தூரம் நடந்து வருகிறார் என்று நினைத்துக்கொண்டே போனை நோண்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து முட்டி வீங்கிவிட்டது. விடுவேனா? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பெட்டியோடு போய் இறங்கினேன். வேலையை முடித்துவிட்டு ஆரோக்கியத்திடம் பெருமையாகச் சொன்னேன்.

“சித்தப்பா, இனிமே நீங்க மிஸ்டு கால் குடுக்க வேணாம். பொட்டியே சொல்லிரும்.”

“அப்ப எனக்கு ரிட்டையர்மென்டுன்னு சொல்லு” என்று சிரித்தார்.

மறுநாள் அந்தப் பெண் குரல் முதன்முதலாகக் கூப்பிட்டபோது அப்பா எழுந்து நின்று, “சரிம்மா, ரொம்ப சந்தோசம்மா” என்றாராம். இதை நான் ஆபீஸில் சொல்லாத ஆள் இல்லை.

ஆனால் பெட்டி பத்து நாளைக்கு ஒரு தடவை மக்கர் செய்தது. அப்பாவிடமிருந்து போன் வரும்: “பொட்டி பேசமாட்டேங்குது அப்பு.” போய்த் திறந்து பார்த்தால் சிம் கார்டு அதன் இடத்தில் அரைகுறையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். மோட்டார் அதிர்வில் கழன்றுகொள்கிறது என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்றா சொன்னேன்! நாலாவது தடவை பசை ட்யூப்போடு போனேன். சிம்மைச் சொருகி, சுற்றிலும் பசையை விட்டு, ஊதி ஊதிக் காய வைத்தேன். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிமே கழறவே கழறாதா?”

“சாகுற வரைக்கும் கழறாதுப்பா.”

“ம்... நல்லதுதேன்.”

அதன் பிறகு பெட்டி ஒரு நாளும் கெடவில்லை.

அப்பாவைத் திண்டுக்கல்லிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் ஒரு கேமராவும் வைத்தேன். ஆபீஸ் வேலைக்கு நடுவே திறந்து பார்ப்பேன். போன் அடிக்கும். அப்பா எடுப்பார், ஒன்றை அழுத்துவார், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அரை மணி கழித்துத் திறந்தாலும் அதே நாற்காலி, அதே வாசல். வீட்டில் இருக்கும்போதும் ஏன் சட்டை போட்டிருக்கிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அலைச்சல் இல்லாமல் இருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தது. ரெண்டு வருடம் அப்படி இருந்து, ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஆரோக்கியம் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அந்த சிம்மு தானா கழறல அப்பு. உங்கப்பாதான் கழட்டி பையில போட்டுக்கிருவாரு. ‘பொட்டி கெட்டுப்போச்சு ஆரோக்கியம், நாளைக்கு நீதான் கூப்பிடணும்’பாரு. நானும் ஒரு ரிங்கு விடுவேன். நீ வாரேன்னு சொன்னதும் அரைகுறையாச் சொருகி வச்சிருவாரு.”

“சும்மாவே வந்து உக்காந்திருக்கலாமே சித்தப்பா?”

“சோலி இல்லாம எப்படி அப்பு வந்து உக்கார? நானும்தேன், வாங்கண்ணேன்னு என்னத்தச் சொல்லிக் கூப்பிட?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லாதன்னுட்டாரு. மகன் ஆசையா மாட்டுனதாம்.” செருப்பை மாட்டிக்கொண்டே, “நீ பசை போட்ட அன்னைக்குச் சாயந்தரம் வந்தாரு. ‘நல்லா ஒட்டிட்டான்’னாரு. டீயக் குடிச்சிட்டுப் போயிட்டாரு” என்றார்.

இப்போது தோட்டம் தரிசாகக் கிடக்கிறது. ஆரோக்கியத்தின் கிணற்றிலும் அவர் மகன் அதே பெட்டியை மாட்டிவிட்டான். எது நல்ல பெட்டி என்று சொன்னதும் நான்தான். கரண்ட்டும் முன்போல் முறைவைத்து வருவதில்லை. நின்று திரும்ப வந்தால் மட்டும் கிணறு என்னைக் கூப்பிடும்; அப்பா போன பிறகு பெட்டியில் என் நம்பரைப் பதிந்துவிட்டேன். சிம்மைக் கழற்றிவிடலாம் என்று போன மாதம் ஸ்க்ரூ டிரைவரோடு போனேன். நெம்பியதில் ஸ்க்ரூ டிரைவர் நுனிதான் வளைந்தது. நம்பரை பிளாக் செய்யவும் எனக்குத் தெரியும், தெருவுக்கே சொல்லிக்கொடுத்தவன். செய்யவில்லை. அந்த சிம்முக்கு ரீசார்ஜ் போடுவதும் நான்தான்.

ஒரு ரிங் விட்டுக் கட் செய்கிற வழக்கம் போயே போய்விட்டது. மாதம் முழுக்க எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்றான பிறகு எதற்கு? நேற்று அந்தப் பெண் குரல் சொல்லி முடித்து ஓய்ந்ததும், கை கழுவிவிட்டு வந்து ஆரோக்கியத்தின் நம்பரைப் போட்டேன். ஒரு ரிங் போனதும் கட் செய்தேன்.

அடுத்த நிமிடமே அவர் கூப்பிட்டார். “என்ன அப்பு, எதும் சோலியா?”

“இல்ல சித்தப்பா, கை பட்டுருச்சு” என்றேன்.