கொள்ளுச் செடியும் குருபிரசாத்தின் வலது காலும்

மழை பெய்தால் ஆனையூரில் மற்ற டிரைவிங் ஸ்கூல்காரர்கள் லீவு விட்டுவிடுவார்கள். குருபிரசாத்துக்கு அன்றுதான் கொண்டாட்டம். நாலு தூறல் விழுந்ததுமே, "கிளம்பி வாங்க, ரோடு நல்லா வழுக்குது" என்று கல்யாணத்துக்கு அழைப்பதுபோலப் போன் போட்டு அழைப்பார்.

பாடம் என்னவோ சின்னதுதான். வண்டி வழுக்கினால் பிரேக்கைப் போட்டு அமுக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய பக்கம் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்ப வேண்டும். "வழுக்குறப்போ பிரேக்தான் நமக்குச் சத்துரு" என்று ஓயாமல் சொல்வார். ஆனால் பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டே! அவருடைய வலது கால் அதன் மேலேயே தவம் கிடக்கும். வண்டி இம்மி நழுவினாலும் போதும், ஓட்டுபவர் சுதாரிப்பதற்குள் இவர் மிதித்துவிடுவார்.

இதில் மாட்டிக்கொண்டவள் தாமரைச்செல்வி. உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம். பூவைத் தானே மதுரைச் சந்தைக்கு ஓட்டிப்போக வேண்டுமென்று ஆசை ஆசையாகச் சின்ன வேன் வாங்கியிருந்தாள். போன மழையில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததிலிருந்து பயம். குருபிரசாத்தின் கால் ஒவ்வொரு தடவையும் முந்திக்கொள்ள, தன்னால் ஆகாது என்றே அவள் முடிவுகட்டிவிட்டாள்.

"இன்னைக்கும் வழுக்குச்சுன்னா வேன் சாவியக் கொழுந்தன்கிட்டக் குடுத்திருவேன் சார். எனக்குக் குடுப்பினை அம்புட்டுத்தான்."

"வெயில் கொளுத்துது. இன்னைக்கு என்னம்மா வழுக்கப் போறது?" என்று சொல்லி, தெம்பூட்டுவதற்காக அவளை உசிலம்பட்டி ரோட்டில் ஓட்டச் சொன்னார்.

ஒரு வளைவு தாண்டியதும், தார் ரோடு முழுக்கக் கொள்ளுச் செடியை அறுத்துப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டிகளின் சக்கரம் ஏறினால் காய் வெடித்து மணி உதிரும். அந்தப் பக்கத்து வழக்கம். தாமரைச்செல்வி பிறந்ததிலிருந்து பார்த்தது. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, நேராக ஏற்றினாள்.

குருபிரசாத்தோ கோயில் பட்டர் ஹாலாஸ்யத்தின் மகன். காலில் ஒரு அரிசி பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு.

"ஐயோ, தானியம்!" என்றவர் தன் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

காய்ந்த செடி டயருக்கடியில் உருள, கார் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது.

"காலை எடுங்க சார்!"

அப்படி ஒரு அதட்டலை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. கால் தானாக மேலே வந்தது. தாமரைச்செல்வி பதறவில்லை. ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பினாள். கார் நேராகி, வேகம் தணிந்து, ஓரமாக நின்றது.

செடியைப் புரட்டிக்கொண்டிருந்த உக்கிரபாண்டி சிரித்தபடி வந்தார். "நீங்க ஏத்திட்டுப் போகணும்னுதானே சாமி போட்டிருக்கோம்! இதுக்குப் போயி இம்புட்டுப் பதறுறீகளே!"

குருபிரசாத்துக்கு வேர்த்துக் கொட்டியது. வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது.

"பிரேக் இல்லம்மா, என் கால்தான் சத்துரு."

"வழுக்குச்சுல்ல சார்?" என்றாள் அவள், தானே நம்பாதவளாக.

"வழுக்கித்து. நீ திருப்பினே."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"இன்னும் முன்னாடி நெறையாக் கெடக்கு சார். காலைத் தூக்கிச் சம்மணம் போட்டு உக்காருங்க. நான் பாத்துக்கிறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டார். சக்கரத்தடியில் கொள்ளு படபடவென்று வெடித்தது. கால் சும்மா இருந்ததால் கை கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தது.

அன்றிலிருந்து யாருக்குக் கடைசி வகுப்பென்றாலும் அவர் சம்மணம்தான். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலையில், அப்படி உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தது.

"சார், சந்தையில பூவ எறக்கிட்டேன். வழியில ரெண்டு எடத்துல வழுக்குச்சு."

"ஐயையோ, அப்புறம்?"

"அப்புறமென்ன, வந்துட்டேன்ல!"