வேகம் கூட்டியவர்

கணினி சர்வீஸ் சென்டரில் அவனுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். ப்ராசஸரை அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டிக் கெடுத்தால் கம்பெனி பொறுப்பேற்காது. ஓட்டினவர்களோ, "நான் கையே வைக்கலீங்க" என்று பச்சைக் குழந்தை மாதிரி நிற்பார்கள். அவன் அவர்களுடைய மதர்போர்டில் நல்ல ப்ராசஸர் ஒன்றைப் பொருத்தி, போர்டில் சேமித்திருக்கும் வேகக் கணக்கைத் திரையில் காட்டுவான். முகம் தொங்கிவிடும். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை அவனுடைய அக்காவே தன் கணினிப் பெட்டியைத் தூக்கிக் கவுண்ட்டரில் வைத்தாள். வீட்டிலிருந்தபடி வீடியோ எடிட் செய்து கொடுப்பவள்.

"திடீர்னு செத்துப்போச்சுடா. வெள்ளிக்கிழமை வேலைய முடிச்சுக் கொடுக்கணும். வாரண்டி இன்னும் எட்டு மாசம் இருக்கு."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். "உண்மையச் சொல்லுங்கக்கா, வேகத்தக் கூட்டினீங்களா?"

"எனக்கு ஆன் பண்ணத் தெரியும், ஆஃப் பண்ணத் தெரியும். நடுவுல நடக்கறத இவனக் கேளுங்க."

போன வருஷம் 'ஆமை மாதிரி போகுது' என்று அவள் புலம்பியபோது வேகத்தைக் கூட்டிக் கொடுத்ததே அவன்தான். சூட்டு வரம்பையும் தளர்த்தியிருந்தான். ஆறு மணி நேரம் ஓட்டிச் சோதித்தான். ஆனால் தொழில் பழக்கத்தில் பக்கத் தகட்டைக் கழற்றிவைத்தே சோதித்தான். அவள் வீட்டிலோ பெட்டி மூடியபடி, மேஜைக்கு அடியில், சுவரை ஒட்டி, சூடு வெளியேற வழியில்லாமல் இருந்தது.

"நம்ம அக்காதானே, சோதனையெல்லாம் எதுக்கு? கையெழுத்தப் போடு, புதுசு கொடுத்துடலாம்," என்றார் மேஜைக்காரர்.

பேனாவைத் திறந்தான். பிறகு மூடி வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். திரையில் அவன் கூட்டி வைத்த எண்கள் அப்படியே வந்து நின்றன. படிவத்தில் 'வேகம் கூட்டியவர்' என்ற கட்டத்தில் எப்போதும் 'வாடிக்கையாளர்' என்றுதான் எழுதுவான். இன்று தன் பெயரை எழுதினான். வாரண்டி போயிற்று.

"அடப்பாவி, நீயா? ஒரு வார்த்த சொல்லலையே!"

"வேகமா ஓடுதுன்னு சந்தோஷப்பட்டே. அதோட விட்டுட்டேன்க்கா."

"பூதக்கண்ணாடி இன்னைக்குத் தன்னையே பாத்துக்கிச்சு," என்றார் மேஜைக்காரர்.

சாயங்காலம் தன் வீட்டுக் கணினியிலிருந்த அதே ரக ப்ராசஸரைக் கழற்றி அவளுடையதில் பொருத்தினான். கம்பெனி வைத்த வேகம். அதற்கு மேல் ஒரு புள்ளி இல்லை. தகட்டை மூடித் திருகி, அவள் வீட்டு மேஜைக்கு அடியிலேயே தள்ளி, மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்தான்.

"ஆமை திரும்பி வந்துடுச்சு," என்றாள் அக்கா.

"வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேர்ந்துடும்."

"சேரலேன்னா நீதான் பொறுப்பு."

"எழுதித் தரவா?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியின் தகட்டைப் புறங்கையால் இன்னொரு முறை தொட்டுப் பார்த்தான்.